மூலமாதிரி

சுங்கை சிப்புட்டில் முப்பத்து நான்கு டிகிரி.
புட்டிக்குள் இருப்பது பிடிபட்ட இடத்தில் ஒன்றரை,
இரண்டாயிரத்து நூற்று நாற்பது மீட்டர் கீழே.
எரிசாராயம் என்று சுங்கத்தில் ஒன்பது நாள் தடுத்துவைத்து
பத்தாம் நாள் நாலு கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள்.
ஃபோட்டோஸ்டாட் கடைக்கு மேலே என் அறை.
குளிர்பெட்டியில்
தயிருக்கும் சம்பலுக்கும் நடுவில் வைத்தேன்.

ஊர்ப் பெயரிலேயே நத்தை உண்டு.
ஆற்று நத்தையை உறிஞ்சித் தின்ற வாய்கள்
இதைப் பார்த்தால் சிரிக்கும்:
பட்டாணி அளவு, இதில் உறிஞ்ச என்ன இருக்கிறது?

உயரம் ஒன்பது புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
அகலம் ஆறு புள்ளி ஒன்று.
சுற்று நாலரை. உச்சி அரித்துப் போயிருக்கிறது;
பிறந்தபோது இருந்த முதல் சுருள் காணோம்.
கண் இல்லை. கண் இருந்த தடமும் இல்லை.
மேல்தோல் ஊறப்போட்ட அரிசியின் நிறம்
(அப்படி எழுதக் கூடாது. அடித்துவிட்டு
‘மங்கிய வெண்மஞ்சள்’ என்று எழுதினேன்).

வாய் இடப்பக்கம் திறக்கிறது.
அடகுக்கடை நாச்சியப்பன் லென்ஸில் பார்த்துவிட்டு
“வலம்புரியாச்சே! என்ன விலை போகும்?” என்றார்.
நாம் வலம்புரி என்பதைத்தான்
ஆய்விதழ்க்காரர்கள் இடம்புரி என்கிறார்கள்,
பிடித்துப் பார்க்கிற விதம் வேறு என்றேன்.
“அப்ப எது சரி?”
என் குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

வந்த மூன்றில் இரண்டு வெறும் கூடு.
உடலோடு இருப்பது ஒன்றே ஒன்று.
அதன் நாக்கைப் பார்க்க
குளோராக்ஸில் சதையைக் கரைக்க வேண்டும்.
இரவு பதினொன்றுக்கு
செம்பனைக் குலை லாரிகள் பாலம் ஏறும்போது மேசை அதிரும்.
ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி
ஒவ்வொரு லாரியும் போகட்டும் என்று இருந்தேன்.
பிறகு கண்ணாடி வில்லையில் ஒரு ரோமத்தளவு நாடா.
நடுப்பல்லின் ஓரத்தில் ஒரு கொக்கி,
எந்த நூலிலும் இல்லாத கொக்கி.
எழுந்து நின்றுவிட்டேன்.
சொல்ல ஆள் இல்லை. எட்டரைக்குத்தான் கடை திறக்கும்.

கீழே புஷ்பலீலா
பக்கம் இருபது சென்னுக்கு
ஊரார் ஐசியை முன்னும் பின்னும் நகலெடுக்கிறாள்.
அவளுக்கு ஐசி இல்லை.
தோட்டத்து லயத்தில் பிறந்தாள்;
பதியப் போக வேண்டியவர் போகவில்லை.
இருபத்தாறு வயது. ஜேபிஎன் முகப்பில் ஆறு முறை நின்றாயிற்று.
பிறந்த இடம்? நேரம்? பார்த்தவர் யார்?

என் கைப்பிரதியைக் கவிழ்க்குமுன் படித்தாள்.
அட்சரேகை, ஆழம், நாள்,
எடுத்தவர் பெயர், கப்பலின் பெயர்,
அருங்காட்சியகப் பதிவெண்.
“செத்தப்புறம் எல்லாம் சரியா எழுதியிருக்கீங்கக்கா.”
வெளிச்சக் கோடு
கண்ணாடிக்கு அடியில் போய்த் திரும்பியது.

பெயர் என்ற இடம் மட்டும் காலி.
கேட்டேன்.
“நத்தைக்கா!” என்று சிரித்தாள்.
சிரித்து முடிப்பதற்குள் இரண்டு பேர் வந்து போனார்கள்,
ஓர் இறப்புச் சான்றிதழ், ஒரு மின்கட்டண ரசீது.
பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தாள்.
கிளினிக் அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டு,
பள்ளிக்கூடக் கடிதத்தில் வேறு,
கோயில் ரசீதில் இன்னும் வேறு.
“இதுல எது நான்னு யாரும் சொல்லல.
நீங்க போட்டா, அப்புறம் மாத்த முடியுமா?”
முடியாது. ஒருமுறை அச்சேறினால்
அதுதான் என்றைக்கும்.

பேனாவை வாங்கினாள்.
வீணாய்ப்போன நகல் ஒன்றின் பின்பக்கம்
வாயசைத்தபடி எழுத்தெழுத்தாக எழுதிப் பார்த்தாள்.
மூன்றிலும் சேராத ஒன்று வந்தது.
“லீக்கு ரெண்டு ஈ போடுங்க. ஒண்ணு பத்தாது.”
கடைசியில் லத்தீன் வால் ஒன்று ஒட்டும் என்றேன்.
“ஒட்டட்டும்.”

பன்னிரண்டு பக்கம், இரண்டு வெள்ளி நாற்பது.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.